அம்மாவே சொல்லட்டும்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு அம்மா மனநல வார்டில் சேர்ந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "அம்மா ஊருக்குப் போயிருக்கா." எந்த ஊர், எப்போது வருவாள், ஏன் எங்களை விட்டுவிட்டுப் போனாள் என்பதெல்லாம் அதில் வராது. தண்டையார்ப்பேட்டையில் நாங்கள் இருக்கும், பல குடித்தனங்கள் சேர்ந்த ஸ்டோர் வீட்டில் என் தங்கச்சி பிள்ளைகளுக்கும் இதே பதில்தான் கிடைத்தது. சொன்னது எங்கள் அம்மா, பிள்ளைகளுக்கு ஆயா. அப்போது நாலு வயதாக இருந்த சின்னவன் வாசலைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஊருக்குப் போறவங்க செருப்பு போட்டுக்காம போவாங்களா?"

செருப்பு வாசலில்தான் கிடந்தது. முதல்நாள் இரவு அவளை ஆட்டோவில் ஏற்றும்போது செருப்பு மாட்டிவிட யாருக்கும் தோன்றவில்லை. பெரியவர்கள் கவனிக்காததை அவன் கவனித்திருக்கிறான்.

என் தங்கச்சிக்கு பைபோலார். இருமுனைக் கோளாறு என்று எழுதுகிறார்கள். நாங்கள் வீட்டில் பைபோலார் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்தக் கட்டுரையை அவள் முழுக்கப் படித்து, சில இடங்களில் அடித்துத் திருத்திக் கொடுத்த பிறகுதான் வெளியிடுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றாள், சரி என்றேன். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இந்த நோய் இருந்தால் அதைப் பிள்ளைகளிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்ல வேண்டியவர் அந்த நோய் உள்ளவரேதான். ஆயாவும் பெரியம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் சொல்வது வேறு, அம்மா வாயால் கேட்பது வேறு. அதையும் அவர் நன்றாக இருக்கிற காலத்தில் சொல்ல வேண்டும்.

நோயைப் பற்றிக் கொஞ்சம். மனநிலை ஒரு பக்கம் மிக உயரத்துக்கும் இன்னொரு பக்கம் மிகப் பள்ளத்துக்கும் போகிற நோய் இது. உயரத்தை மேனியா என்பார்கள்; ஒரு வாரமாவது நீடிக்கும். தூக்கம் குறையும், ஆனால் களைப்பே தெரியாது. பேச்சு நிற்காது, பணம் நிற்காது, கோபம் சட்டென்று வரும். பள்ளம் என்பது டிப்ரஷன், குறைந்தது இரண்டு வாரம். பல பேருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் அவர் பெரும்பாலும் பழைய ஆளாகவே இருப்பார். இந்த நடுக்காலம்தான் பிள்ளைகளைக் குழப்புகிறது. நேற்று வரை தலைவாரிப் பின்னிவிட்ட அம்மா இன்றைக்கு ஏன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்?

பிள்ளைகளின் மனசில் காரணம் இல்லாத இடம் என்று ஒன்று கிடையாது. நாம் சொல்லாவிட்டால் அவர்களே ஒன்றை வைத்து நிரப்பிக்கொள்வார்கள். ஆறேழு வயது வரைக்கும், தான் நினைத்ததாலும் செய்ததாலும்தான் சுற்றி எல்லாம் நடக்கிறது என்று நம்புகிற வயசு. அதனால் அவர்கள் கண்டுபிடிக்கிற காரணம் பெரும்பாலும் தன்னையே குற்றவாளி ஆக்குவதாக இருக்கும். நான் சாப்பிட அடம் பிடித்தேன், அம்மா படுத்துவிட்டாள். நான் ரிமோட்டை உடைத்தேன், அம்மா ஊருக்குப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் இது இன்னும் மோசம். சின்னவன் பிறந்து பத்துப் பதினைந்து நாளில்தான் தங்கச்சிக்கு முதல் தடவை வந்தது. குழந்தை தூங்கினாலும் அவள் தூங்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகான முதல் சில வாரங்கள் இந்த நோய் தலைகாட்ட ஏற்ற காலம். ஹார்மோன்கள் ஒரேயடியாக மாறுகின்றன, தூக்கமும் கெடுகிறது. அதெல்லாம் அன்றைக்கு யாருக்குத் தெரியும்? ஜன்னி என்றார்கள், காத்து கருப்பு என்றார்கள், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். அப்புறம் வருஷக்கணக்காக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரு வாசகம் சொல்லப்பட்டது: "இவன் பொறந்த நேரம்தான் இவளுக்கு இப்படி ஆச்சு." அந்தப் பிள்ளை தரையில் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் தலைக்கு மேலே இந்தப் பேச்சு நடக்கும். குழந்தைக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்துப் பேசுகிறார்கள். ஜாதகம் பார்ப்பவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளை இருக்கிற அறையில் அவன் பிறந்த நேரத்தைக் குறை சொல்வது கொடுமை. இதை எங்கள் உறவில் ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

பலரும் யோசிக்காத இன்னொன்று உண்டு. மேனியாவில் இருக்கிற அம்மாவைப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

சின்னவனுக்கு நாலு வயதானபோது வந்த தடவையில், தங்கச்சி நடுராத்திரி பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்து வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொடுத்தாள். பரணில் இருந்த பாத்திரம் எல்லாவற்றையும் இறக்கித் துலக்கினாள். விடிவதற்குள் எங்கள் வாசலில் தொடங்கி எதிர்வீட்டு வாசல் வரைக்கும் ஒரே கோலம், பிள்ளைகள் இரண்டு பேரும் கலர்ப்பொடியும் கையுமாக நிற்கிறார்கள். எம்.சி. ரோட்டில் புடவையாக வாங்கிக் குவித்து, தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். ஆடி மாசம் வேறு. அம்மன் வந்திருக்கிறாள் என்று இரண்டு பேர் காலில் விழுந்து குறி கேட்டார்கள். பிள்ளைகளுக்கு அது திருவிழா. பாடம் கிடையாது, அதட்டல் கிடையாது, அம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அதற்கு அடுத்த சில நாட்களில்தான் கத்தலும் சாமான் உடைப்பதும், கடைசியில் ஆஸ்பத்திரியும்.

வார்டிலிருந்து திரும்பி வந்தவள் மெதுவாக நடந்தாள், கை லேசாக நடுங்கியது, எட்டு மணிக்கே தூங்கிப்போனாள். பஜ்ஜி இல்லை, கோலம் இல்லை. சில நாள் கழித்து சமையல்கட்டைப் பெருக்கும்போது கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் மாத்திரைகள் கிடந்தன. அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்துப் போட்டிருக்கிறான் சின்னவன். ஏன்டா என்று கேட்டதற்கு, "மாத்திர சாப்ட்டா அம்மா ஜாலியா இருக்க மாட்டேங்குறாங்க" என்றான்.

அந்த வயதுக்கு அவன் போட்ட கணக்கு சரியான கணக்கு. பார்த்ததை வைத்துத்தான் முடிவுக்கு வந்திருக்கிறான். யாரும் அவனுக்கு மீதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். (மாத்திரை இப்போது பீரோவில், பூட்டி. அவள் சாப்பிடுவது லித்தியம், அது குழந்தை வாயில் போனால் ஆபத்து. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் உள்ள எந்த வீட்டிலும் அது பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.)

தங்கச்சி அன்றைக்கே பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்றாள். அவளை மருத்துவரிடம் கூட்டிப் போனபோது, இன்னும் கொஞ்சம் தெளியட்டும், அவசரம் வேண்டாம் என்றார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று. மாப்பிள்ளைக்கு காசிமேடு மீன் ஏலத்தில் பெட்டி தூக்குகிற வேலை. நடுராத்திரிக்கு மேல் கிளம்பிவிடுவார். அவர் எழுந்து கிளம்புகிற அரவத்தில் அவள் தூக்கம் கலையும், தூக்கம் கலைந்தால் நோய் கிளம்பும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, கையில் காசு புரளாது. ஆனால் இரவில் அவர் வீட்டில் இருப்பார், இவளும் நிம்மதியாகத் தூங்குவாள். அந்தத் தடைக்காலத்தில் ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்து எல்லோரும் தரையில் படுத்திருக்கும்போது பேசினாள். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார், நானும் இருந்தேன். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

ஃபேன் ரெகுலேட்டரைத் திருகினாள். அஞ்சில் வைத்தபோது காலண்டர் தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. ஒன்றில் வைத்தபோது இறக்கை சுற்றுவதை எண்ணலாம் போல இருந்தது, எல்லோருக்கும் வேர்த்தது.

"அம்மா மூளைக்குள்ளயும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கு. எல்லாருக்கும் இருக்கு. எனக்கு அது ரிப்பேர். சில சமயம் தானா அஞ்சுக்குப் போய்டும். அப்ப தூக்கமே வராது, நிறைய பேசுவேன், கத்துவேன். சில சமயம் ஒண்ணுல நின்னுடும். அப்ப எழுந்துக்கவே முடியாது, உங்ககூட பேசக்கூட முடியாது. அதுக்குப் பேரு பைபோலார்."

"எலக்ட்ரீசியன் அண்ணன கூப்டலாமா?" என்றான் சின்னவன்.

"இதுக்கு டாக்டருதான் எலக்ட்ரீசியன். அவங்க குடுக்குற மாத்திர அத மூணுல புடிச்சு வெச்சுக்கும்."

"அஞ்சுல இருந்தா ஜாலியா இருக்குமே."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒனக்கு ஜாலி. ஆனா ஒரு நாள் ராத்திரி ஒன் கையப் புடிச்சு டி.எச். ரோட்டுக்கு இழுத்துக்கினு போனேனே, ஞாபகம் இருக்கா? லாரியா வந்துச்சு. நீ அழுத. நீ அழுதது எனக்குக் காதுலயே விழல. எனக்கு அது வேணாம்டா. நீ அழுதா எனக்குக் கேக்கணும்."

அதுவரைக்கும் ஒன்றும் கேட்காமல் இருந்த பெரியவள் தம்பியைக் காட்டி, "இவன் பொறந்ததாலதான் ரிப்பேர் ஆச்சுன்னு ஆயா சொல்லுது" என்றாள். கேட்டது அவள், ஆனால் பதிலுக்காக அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அவன்.

"இல்ல. அது முன்னாடியே ரிப்பேராவுற மாதிரிதான் இருந்துருக்கு. இவன் பொறந்தப்பதான் எங்களுக்குத் தெரிஞ்சுச்சு. இவனும் ஒண்ணும் பண்ணல, நீயும் ஒண்ணும் பண்ணல, ஆயாவும் ஒண்ணும் பண்ணல."

இந்த வாசகத்தை நான் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பானா என்று தெரியவில்லை. யாருக்கு வந்த நோயை வைத்து அந்தப் பழி போடப்பட்டதோ அவரே நீக்கினால்தான் அது நீங்கும். இதனால்தான் அம்மாவே சொல்ல வேண்டும் என்கிறேன்.

எங்கள் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "இன்னாத்துக்குக் கொயந்தைங்க காதுல இதெல்லாம் போட்டுக்கினு" என்று வருத்தப்பட்டார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. மகளைப் பற்றிப் பேரப்பிள்ளைகள் மரியாதைக் குறைவாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம். மாத்திரை மூளையை மழுங்கடித்துவிடும் என்றும் பயந்தார். லித்தியம் நேற்று வந்த மருந்தல்ல, 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் மேனியாவுக்கு அது உதவுவதை எழுதினார், இன்றைக்கும் கொடுக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னோம். வேண்டுதலை நிறுத்தச் சொல்லவில்லை. வடிவுடையம்மனுக்கு விளக்கு போடுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள் என்றோம். இப்போது வெயில் காலத்தில் மகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருப்பவர் அவர்தான். லித்தியம் சாப்பிடுகிறவருக்கு உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். அக்னி நட்சத்திரத்தில் இது விளையாட்டுக் காரியமில்லை. இடுப்புவலி, பல்வலி என்று மெடிக்கலில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போடுவதும் கூடாது. அவற்றில் பல இந்த அளவை ஏற்றக்கூடியவை.

ஒரு தடவை சொன்னால் போதும் என்று இருந்துவிட முடியாது. சின்னவன் அதே கேள்விகளை வாரக்கணக்கில் கேட்டான், அவளும் அதே பதிலைச் சொன்னாள். ரெகுலேட்டர் கதைக்கு ஒரு பக்கவிளைவும் வந்தது. அம்மா டிவி பார்த்துச் சத்தமாகச் சிரித்தால் "அம்மா அஞ்சுல ஓடுது" என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுப்பாடம் எழுதாததற்குத் திட்டினால், "மாத்திர போட்டியாம்மா?" என்று கேட்டாள் பெரியவள். இது பெரியவர்களுக்கும் வருகிற வியாதி. இந்த நோய் உள்ளவர் நியாயமாகக் கோபப்பட்டாலும் மாத்திரையைத்தான் விசாரிப்பார்கள். தங்கச்சி அவளை உட்கார வைத்துச் சொன்னாள்: "மூணுல இருக்குறவங்களும் சிரிப்பாங்க, திட்டுவாங்க. நீ ஹோம்வொர்க் எழுதாததுக்கும் பைபோலாருக்கும் சம்பந்தம் இல்ல."

பள்ளத்தில் இருக்கும் நாட்களுக்குப் பெரிய விளக்கம் தேவைப்படவில்லை. "ஒண்ணுல இருக்கேன், உங்க மேல கோவம் இல்ல" என்று அவளால் சொல்ல முடிந்த அன்றைக்கு அதுவே போதும். சொல்ல முடியாத நாளில் நாங்கள் சொல்வோம். பிள்ளைகளுக்கு அதைவிட முக்கியம் நாளைக்கு யார் பள்ளியில் விடுவார்கள், யார் தலை பின்னிவிடுவார்கள், ராத்திரி யார் பக்கத்தில் படுப்பார்கள் என்பது. இதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். "எல்லாம் சரியாயிடும்" என்று மொட்டையாகச் சொல்வதைவிட "நாளைக்குக் காலைல பெரிம்மா வந்து தோசை ஊத்துவேன்" என்பதில் அவர்களுக்கு அதிக நம்பிக்கை.

நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. "நீதான் பெரிய பொண்ணு, அம்மா மாத்திரை போட்டாளான்னு பாத்துக்கோ" என்று எங்கள் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவளுக்கு ஒன்பது வயது. அம்மா மாத்திரை போடாமல் விட்டு நோய் வந்தால் அது இவள் பொறுப்பா? ராத்திரி எழுந்து எழுந்து அம்மா தூங்குகிறாளா என்று பார்க்கிற பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. மாத்திரை மாப்பிள்ளை வேலை, அவர் இல்லாதபோது என் வேலை என்று அவள் எதிரிலேயே பிரித்துக்கொண்டோம். பிள்ளைகள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பயமாக இருந்தால் கதவைத் திறந்துகொண்டு என் வீட்டுக்கோ எதிர் போர்ஷன் அக்கா வீட்டுக்கோ வந்துவிட வேண்டும், எந்த நேரமானாலும். என் நம்பரைக் கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்.

தெருவில் நடப்பதைத் தடுக்க முடியாது. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்பதைத் திட்டாகப் பேசிப் பேசியே வளர்ந்திருக்கிறோம். அங்கே இருப்பது 1794-ல் தொடங்கிய, எத்தனையோ குடும்பங்களுக்கு மருந்தும் ஆறுதலும் கொடுத்த அரசு மனநலக் காப்பகம். பள்ளியில் ஒருவன் பெரியவளிடம் "உங்கம்மா கீழ்ப்பாக்கமா?" என்று கேட்டிருக்கிறான். அழுதுகொண்டு வந்தாள். தங்கச்சி அவளுக்கு ஒரு பதிலைச் சொல்லிக் கொடுத்தாள்: "எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, மருந்து சாப்டுறாங்க." பதில் சொல்லப் பிடிக்காவிட்டால் சொல்லாமலும் நகர்ந்துவிடலாம், ஆனால் இது மறைக்க வேண்டிய ரகசியம் இல்லை என்றும் சொன்னாள். வகுப்பு டீச்சரிடம் மாப்பிள்ளையே போய்ப் பேசிவிட்டு வந்தார்.

இதே நிலையில் கைக்குழந்தை உள்ள தாய்மார் யாராவது படித்தால் அவர்களுக்காக ஒன்று: 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சைக்குச் சேர்கிற தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. மருத்துவர் ஆபத்து என்று கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றால் 14416. 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி, இலவசம், தமிழில் பேசலாம். சாகணும் என்கிற பேச்சு வீட்டில் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பெரியவள் போன மாசம் கேட்டாள்: "எனக்கும் வருமா?" இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று தங்கச்சிக்குத் தெரியும், மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தாள். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் மற்ற பிள்ளைகளைவிட வாய்ப்பு அதிகம்தான், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வரலாம், மீதிப் பேருக்கு இது வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோதான். "வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது. வந்தா எங்களுக்கு சீக்கிரம் தெரிஞ்சிடும், என்ன பண்ணணும்னும் தெரியும்" என்றாள். தொட்டால் ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். சில நாளாக அம்மாவின் டம்ளரைத் தொடாமல் இருந்த காரணம் அப்போதுதான் வெளியே வந்தது.

அடுத்த ஓ.பி.க்கு அவளும் வருகிறேன் என்கிறாள். டாக்டரிடம் நேராகவே கேட்க வேண்டுமாம். சரி, அன்றைக்கு ஸ்கூலுக்கு லீவ் லெட்டர் வேண்டுமே என்று மாப்பிள்ளை பேனாவை எடுத்து, "காய்ச்சல்னு எழுதிடவா?" என்றார்.

"எனக்கு எங்க காய்ச்சல்? அம்மாவோட டாக்டரைப் பாக்கப் போறோம்னு எழுதுப்பா" என்றாள். அப்படியே எழுதினார்.